ஓதமும் பள்ளி மணியும்: பழவேற்காடு ஏரி மீனவக் குப்பங்களில் குழந்தைப் பராமரிப்பு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பழவேற்காடு ஏரியைச் சார்ந்து வாழும் மீனவக் குடும்பங்களில் பெண்களின் உழைப்பு விடியலுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. அங்கன்வாடியும் பள்ளியும் விடிந்து நெடுநேரம் கழிந்தபின் திறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் கோடை விடுமுறையிலும் மூடப்படுகின்றன. இவ்விரு கால ஒழுங்குகளுக்கும் இடைப்பட்ட பொழுதில் குழந்தையைக் காப்பவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. தொழிலாளர் சட்டங்கள், சத்துணவு, அங்கன்வாடி, காலை உணவுத் திட்டம் ஆகியவை அவ்விடைவெளியை எந்த அளவிற்கு நிரப்பின என்பது இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, நெய்தல், மீனவ மகளிர், பால்வாடி, அங்கன்வாடி, குழந்தைகள் காப்பகம், காலை உணவுத் திட்டம்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்த பழவேற்காடு, 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியா கோட்டையால் வரலாற்று நூல்களில் அறியப்பட்ட ஊர். தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களில் பரவிக் கிடக்கும் பழவேற்காடு ஏரி, சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கோட்டையும் துறைமுக வணிகமும் பலரால் ஆராயப்பட்டுள்ளன. ஏரியின் பாடு முறையும் மீன்வள ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளது. அம்மீனைத் தரம்பிரித்துச் சுமந்து விற்கும் பெண்ணின் குழந்தை அவ்வேளையில் எங்கிருந்தது என்பது குறித்த பதிவுகளோ மிகச் சில. மீனவரின் வாழ்வியல் வரலாற்றில் இஃது ஒரு வெற்றிடம் எனலாம்.

இலக்கியம் காட்டும் முற்றம்

நெய்தல் திணைப் பாடல்களில், உலரும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டும் இளமகளிர் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றனர். பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் உணவைக் காக்கும் மகளிர் கோழியை நோக்கி எறிந்த காதணி, சிறுவர் உருட்டும் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. செல்வச் சிறப்பைக் கூறுவதற்காகவே அக்காட்சி அமைந்தது. ஆயினும் பெண்ணின் வேலையும் குழந்தையின் விளையாட்டும் ஒரே முற்றத்தில் நிகழ்ந்தன என்னும் செய்தியும் அதனுள் அடங்கியுள்ளது. மீன் உணக்குதல், வலை பின்னுதல், வலை செப்பனிடுதல் ஆகிய வேலைகள் குழந்தையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு செய்யத்தக்கவை. நெய்தல் நில விற்பனை அத்தகையதன்று. அகநானூறு காட்டும் உமணர் மகள் உப்பு விற்க ஊர்த்தெருவுக்குச் செல்கிறாள். விற்பனை பெண்ணை முற்றத்திற்கு வெளியே அழைத்துச்செல்கிறது; குழந்தைக் காப்பு என்னும் சிக்கல் அங்கே தோன்றுகிறது.

தொழில் மாற்றமும் முற்றத்தின் சுருக்கமும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நைலான் வலைகளும் எந்திரப் பின்னலும் பரவியபோது, தமிழகக் கடற்கரைப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்துவந்த வலைபின்னும் வேலை பெரிதும் மறைந்தது. இறால் ஏற்றுமதி வளர்ந்ததால் பிடிப்பின் மதிப்பு உயர்ந்தது. அதனுடன் கரையில் ஏலம் எடுக்கும் வணிகரின் செல்வாக்கும் உயர்ந்தது. வீட்டு முற்றத்தில் கிடைத்த வருவாயை இழந்த பெண்கள் ஏலத்துறை, சந்தை, தெரு விற்பனை ஆகியவற்றை மேலும் சார்ந்து நின்றனர். குழந்தைக் காப்போடு இயைந்த வேலை குறைந்து, இயையாத வேலை மிகுந்தது என்பதே இம்மாற்றத்தின் சாரம்.

பழவேற்காட்டில் இச்சிக்கலுக்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களைக் கிராமங்களும் குடும்பங்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபே பாடு எனப்படும். அதன் உரிமை ஆண்களுக்கு உரியது. முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் நீரோட்டத்தை நம்பிக் கட்டப்படும் வலைகளின் வேலை, ஓதத்தைப் பொறுத்தது. ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. எனவே மீன் கரைசேரும் நேரம் ஒரு வாரத்திலிருந்து மறு வாரத்திற்குள் பெரிதும் மாறிவிடும். கரையில் காத்திருக்கும் பெண்ணின் நேரமும் அதனுடன் மாறும். பள்ளி மணி மட்டும் மாறுவதில்லை.

பாடு உரிமை இல்லாத இருளர் குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பது அவர்தம் தொழில். ஆண், பெண் இருபாலரும் நீரில் இறங்குவதால் வீட்டில் எஞ்சியிருப்பவர் முதியோரும் சிறாருமே. கைக்குழந்தையைத் தண்ணீருக்கு அருகே கொண்டுசெல்வதும் ஆபத்து. குடிசையில் விட்டுச்செல்வதும் ஆபத்து.

இவ்விடைவெளியை நெடுங்காலமாக நிரப்பியவர் இருவர்: பாட்டியும் மூத்த மகளும். பாட்டியும் கூடை சுமந்து விற்பவராக இருந்த வீட்டில் முழுப்பொறுப்பும் அக்காள் மீது விழுந்தது. தம்பியை இடுப்பில் சுமந்த சிறுமியின் பள்ளி வருகையே அவ்வேற்பாட்டிற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது.

சட்டம் கண்ட தாய்

குழந்தைகள் காப்பகம் தாயின் உரிமையாக இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது தொழிற்சாலை வழியாகவே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வெண்ணிக்கையை முப்பதாகக் குறைத்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கு இதனை விரித்தது. 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்திற்குத் தாயருடன் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியுடன் அமர்த்த வேண்டும் என்றது. 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட நிறுவனங்களைக் காப்பகம் அமைக்கக் கட்டாயப்படுத்தியது.

இவை யாவும் ஒரு முதலாளியையும் ஒரு பணியிடத்தையும் முன்னிறுத்துகின்றன. மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கு முதலாளி இல்லை. ஏலத்துறை, பேருந்து, தெரு என அவளது பணியிடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே அவள் இச்சட்டங்களின் கண்ணில் படவில்லை. சுயதொழில் புரியும் பெண்களைப் பற்றி இளா பட் தலைமையிலான தேசிய ஆணையம் 1988-இல் அளித்த 'சிரம்சக்தி' அறிக்கை இக்குறையைச் சுட்டிக் காப்பகங்களின் தேவையை வலியுறுத்தியது. அதற்கு முன்பே, 1985-இல், மீனா சுவாமிநாதன் குறைந்த வருவாய்ப் பெண்களுக்கான காப்பக வசதிகளை ஆராய்ந்து நூலாக வெளியிட்டிருந்தார்.

பால்வாடி முதல் அங்கன்வாடி வரை

தாராபாய் மோடக் 1940-களில் மேற்கிந்தியக் கடலோர ஊரான போர்டியில் தொடங்கிய பணியில் அனுதாய் வாக் துணைநின்றார். குழந்தை வரும்வரை காத்திராமல், குழந்தை இருக்கும் குடியிருப்பின் முற்றத்திற்கே பள்ளி செல்ல வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அங்கணம் என்னும் சொல்லிலிருந்து அங்கன்வாடி பிறந்தது. 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அப்பெயரை நாடெங்கும் பரப்பியது.

தமிழகத்தில் இவ்வரலாறு உணவின் வழியே வளர்ந்தது. 1920-இல் நீதிக்கட்சியின் பி. தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவளிப்பு, 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலத் திட்டமாயிற்று. 1982 சூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத இரண்டு வயதுக் குழந்தையையும் உட்கொண்டது. அதனால் குழந்தைகள் மையம் ஊர்தோறும் காலூன்றியது. மக்கள் வழக்கில் அது இன்றும் 'பால்வாடி'யே. உச்சநீதிமன்றம் 2006 டிசம்பரில், ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் அங்கன்வாடி வழங்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. நீரால் பிரிந்து கிடக்கும் குப்பங்களுக்கு இவ்வாணை பொருள் மிக்கது.

எனினும் அங்கன்வாடியின் அடிப்படை நோக்கம் ஊட்டமும் முன்பருவக் கல்வியுமே. தாயின் வேலைநேரத்தை அளவுகோலாகக் கொண்டு அது அமைக்கப்படவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் வீட்டிலேயே உணவுப் பொருள் பெறும் பயனாளியாக நிற்கிறது. தேசியக் காப்பகத் திட்டம் ஆறு மாதக் குழந்தையையும் ஏற்று, மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணிநேரம் என வரையறுத்தது. 2022-இல் அது 'பால்னா' என்னும் பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகமாக விரிக்கப்பட்டது. பகல்நேரத்தை அளக்கும் இவ்வரையறையிலும் விடியற்காலை இடம்பெறவில்லை.

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பியது. தம்பியை யார் பார்ப்பது என்னும் வினாவிற்கு அச்சட்டத்தில் கட்டாய விடை இல்லை. மூன்று முதல் ஆறு வயதினர்க்கான முன்பருவக் கல்வியை அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவில் அது நின்றது.

காலை உணவு: எதிர்பாராத காப்பகம்

பள்ளி தொடங்குமுன் உள்ள பொழுதை முதன்முறையாக அரசின் பொறுப்பிற்குள் கொணர்ந்தது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆகும். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2023 ஆகத்து 25-இல் மாநிலத்தின் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கான விரிவாக்கம் 2024 சூலை 15-இல் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியிலேயே தொடங்கப்பட்டது.

உப்புமா, கிச்சடி, பொங்கல் என்னும் உணவுப் பட்டியலுக்கு அப்பால் இத்திட்டத்தின் சமூகப் பயன் கவனிக்கத்தக்கது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர்; தம் குழந்தை அதே பள்ளியில் பயிலும் தாய்மார். ஏலத்துறைக்குச் சென்ற தாயின் குழந்தை, வகுப்பு தொடங்குமுன்பே ஊர் அறிந்த ஒரு பெண்ணின் பார்வைக்குள் வந்துவிடுகிறது. காப்பகம் என்று பெயரிடப்படாத ஒரு காப்பு அது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு மட்டுமே. பள்ளி இயங்கும் நாள்களில் மட்டுமே.

விடுமுறை என்னும் வேலைநாள்

மீன் விற்பனை மிகும் நாள் ஞாயிறு. அங்கன்வாடியும் பள்ளியும் மூடியிருக்கும் நாளும் அதுவே. கோடை விடுமுறையின் மே மாதம், ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திற்குள் அடங்குகிறது. விசைப்படகு மீன் குறைவதால் விலை ஏறும் அக்காலத்தில், தடைக்கு உட்படாத சிறுதொழில் மீனவரின் பிடிப்பிற்கு மதிப்பு மிகுகிறது. விற்கும் பெண்ணுக்கு அதுவே வருவாய்க் காலம். அவள் குழந்தைக்கோ செல்ல இடமில்லாத காலம். நகர அலுவலக நாள்காட்டியைக் கொண்டு குப்பத்தின் தேவையை அளக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

பழவேற்காட்டுக் குப்பங்களின் குழந்தைப் பராமரிப்பு வரலாறு, முற்றத்திலிருந்து பாட்டிக்கும் அக்காளுக்கும், அவர்களிடமிருந்து அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பொறுப்பு பகுதி பகுதியாகக் கைமாறிய வரலாறாகும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விடியற்காலையும் விடுமுறை நாளும் விடுபட்டன. காலை உணவுத் திட்டம் அவற்றுள் முன்னதன் ஒரு பகுதியை ஈடுசெய்துள்ளது. சமைக்கும் தாய்மாரின் அமைப்பு ஏற்கெனவே பள்ளியில் நிலைபெற்றுள்ளதால், அதனை அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் தடைக்காலத்து மே மாதத்திற்கும் நீட்டுவது புதிய கட்டமைப்பு எதனையும் பெரிதாக வேண்டாத வழியாகும். நேரத்தை முடிவு செய்யும் உரிமை குப்பத்துப் பெண்களிடம் அமைதல் வேண்டும். பாட்டின் முறைவைப்பை ஓதத்திற்கேற்ப வகுத்துக்கொண்ட ஊர்களுக்குக் குழந்தைக் காப்பின் முறைவைப்பை வகுப்பது அரிதன்று. அதற்குரிய கூலியும் கட்டடமும் அரசின் கடமையாகும்.