90.4 பிறந்த கதை

சமுதாய வானொலிக்கு வித்திட்டது ஒரு கிரிக்கெட் போட்டி. 1993 நவம்பரில் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷனுக்குப் பொறுக்கவில்லை. பம்பாய் விமான நிலையத்தில் அந்த நிறுவனத்தின் கருவிகளைச் சுங்கத் துறை பிடித்து வைத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு ஓடியது. அதற்கிடையே ஈடன் கார்டனில் டெண்டுல்கர் கடைசி ஓவரில் மூன்றே ரன் கொடுத்துத் தென்னாப்பிரிக்காவை மடக்கியதுதான் ஊருக்கு நினைவிருக்கிறது. வழக்கு யாருக்கும் நினைவில்லை.

அரசு கையில் வைத்திருந்த ஆயுதம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்கு எழுதியது. வானொலி என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை. அதை வைத்துத்தான் சுதந்திர இந்தியா வானத்தையும் பூட்டி வைத்திருந்தது.

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், ஜீவன் ரெட்டி ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். வான் அலைகள் பொதுச்சொத்து. அவை அரசின் ஏகபோகமும் ஆகக் கூடாது, பணம் படைத்தவர்களின் ஏகபோகமும் ஆகக் கூடாது. பலதரப்புக் கருத்துகளையும் கேட்டறிவது குடிமக்களின் உரிமை என்றார்கள். கிரிக்கெட்டைக் கேட்டவர்களுக்கு வானமே கிடைத்தது.

கிடைத்தது தாளில்தான். அரசு முதலில் செய்தது ஏலம். 2001இல் பெங்களூரில் தொடங்கி, தனியார் எஃப்.எம்.கள் சினிமாப் பாட்டோடு நகரங்களுக்கு வந்தன. பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொன்னதை நல்ல விலைக்குப் போகும் சொத்து என்று புரிந்துகொண்டார்கள் போலும். 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். ஒலித்தது. நாட்டின் முதல் சமுதாய வானொலி அதுதான்.

ஆனால் சமுதாயம் என்பது கல்லூரி வளாகம் மட்டுமா? அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தலித் பெண்கள் யுனெஸ்கோ உதவியோடு ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, ஏறத்தாழ பத்து ஆண்டு உரிமத்துக்குக் காத்திருந்தார்கள். விதை, சிறுதானியம், நாட்டு வைத்தியம் என்று பதிவு செய்த கேசட்டுகளை ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். காற்று இருந்தது, அனுமதி இல்லை. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் என்று கொள்கை மாறிய பிறகு, 2008 அக்டோபரில்தான் அவர்களுடைய சங்கம் ரேடியோ அலையேறியது. இந்தக் கதையில் பாராட்டு யாருக்கு என்றால், நீதிபதிகளுக்கு அடுத்தபடியாக இந்தப் பெண்களுக்குத்தான்.

100 வாட் திறன், சில கிலோமீட்டர் வட்டம்: அவ்வளவுதான் சமுதாய வானொலி. அதற்குள்ளும் ஒரு தடை. சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. அண்டை வீட்டில் அச்சாகும் நாளிதழுக்கு இல்லாத இந்தத் தடையை எதிர்த்து 2013இல் காமன் காஸ் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது.

பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை என்ற வானொலி இருக்கிறது. அதுவும் 90.4தான். காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று அதில் சொல்லலாம். கடலுக்குப் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால், ஆகாசவாணி சொன்ன பிறகு, அதன் செய்தியைத் திரிக்காமல் அஞ்சல் செய்யலாம்.