பேண்ட்ஸ் ரீயுனைட்டட்

அமெரிக்காவின் விஎச்1 தொலைக்காட்சி 2004இல் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர். பெரும்பாலும் 1980களில் ஓரிரு பாடல்களால் கொடிகட்டிப் பறந்து, பிறகு கலைந்துபோன இசைக்குழுக்களின் உறுப்பினர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைத்து, ஒரே ஒரு கச்சேரிக்காக மீண்டும் சேர்க்க முயன்றது. தொகுப்பாளர் ஆமர் ஹலீம். முன்னறிவிப்பின்றி வாசலில் போய் நிற்பார். சம்மதிப்பவர் குழுவின் பழைய இசைத்தட்டில் கையெழுத்திடுவார்.

தொடரின் உயிர் கச்சேரியில் இல்லை, அதற்கு முந்தைய பேச்சில்தான். காஜாகூகூ குழுவின் ‘டூ ஷை’ 1983இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது; அதே ஆண்டில் பாடகர் லிமாலைக் குழு வெளியேற்றியது. இருபதாண்டு மனத்தாங்கலைச் சுமந்துகொண்டே அவர்கள் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள். ‘ஐ ரேன்’ புகழ் எ ஃப்ளாக் ஆஃப் சீகல்ஸின் நால்வரும் சேர்ந்தனர். ‘ரிலாக்ஸ்’ பாடிய ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் உறுப்பினர்களோ கூடிப் பேசியும் மேடையேறவில்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் அப்படியே காட்டியது தொடரின் நேர்மைக்குச் சான்று. ஒரு வெற்றிப் பாடல் நட்பை எவ்வளவு ஆழமாகக் கீறும் என்பது அங்கேதான் தெரிகிறது. சில கீறல்கள் ஆறவும் செய்யும்: லிமால் 2008இல் காஜாகூகூவில் மறுபடி இணைந்தார்.