கங்காணி

கண் + காணி. பேச்சில் கண்காணி கங்காணி ஆயிற்று. நிலத்தைக் குறிக்கும் காணி அல்ல இது. காண்பவர் என்று பொருள். சோழர் கல்வெட்டுகளிலேயே மேற்பார்வையாளருக்கு இப்பெயர் உண்டு.

1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் இலங்கையில் கம்பளைக்கு அருகே சிங்ஹாபிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். பிறகு மலைநாடெங்கும் தோட்டங்கள் பெருக, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தவரே கங்காணி எனப்பட்டார். பெரிய கங்காணியின் கீழ் சில்லறைக் கங்காணிகள். தம் ஆட்களுக்கு அவர்கள் பெரும்பாலும் உறவினர், அல்லது ஒரே சாதிக்காரர். ஊரில் மூத்தவருக்குக் காட்டிய பணிவு தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் அப்படியே தொடர்ந்தது. வாங்கிய முன்பணத்தைத் தீர்க்காமல் போவது மானக்கேடு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர்வது கடினம். தோட்டத் துரையின் சட்டத்தைவிட இந்த மரியாதைக் கணக்குதான் எம்மவரை இறுகக் கட்டியது என்பேன். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பணிவு அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. இன்றும் தேயிலை மலையில் மேற்பார்ப்பவர் கங்காணிதான். கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். கங்காணி பெரும்பாலும் ஆண்.