குடியுரிமை

குடி என்றால் வீடு, குடும்பம், குலம், ஊர், அரசனுக்கு உட்பட்ட மக்கள் என எல்லாமே. குடித்தனம், குடிக்கூலி, குடிபுகுதல் எல்லாம் இதில் கிளைத்தவை. (டாஸ்மாக் வாசலில் 'குடிமகன்' என்று கேலி பேசுவது வேறு குடி!) வேற்றிடம் போய்த் தங்கினால் குடியேற்றம், அங்கே உன் இருப்பைச் சட்டம் ஒப்புக்கொண்டால் குடியுரிமை. சொல்லளவில் இரண்டுக்கும் நடுவே ஓர் எட்டுதான்.

இலங்கை மலையகத்தில் அந்த ஓர் எட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இங்கே பிறந்தால் போதாது, தகப்பனும் இங்கேயே பிறந்ததாகக் காட்ட வேண்டும். கொழுந்து பறித்த கூட்டத்தில் எத்தனை பேரிடம் அந்தக் காகிதம் இருந்திருக்கும்? 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது, ஏதோ பாகப்பிரிவினை போல. கடைசியாக மிஞ்சியவர்களுக்கு வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்.

இந்தியக் குடியுரிமையோடு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் வந்து இறங்கியவர்களை ஊர் 'சிலோன்காரர்' என்றே கூப்பிட்டது.