மலையகப் பெருந்தோட்டங்களிற் கருப்பேணல்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் கூலி, குடியுரிமை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கருவுற்ற தாயும் கருவிலிருந்த சேயும் அதிற் பெற்ற இடம் சிறிதே. நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களை மனத்திற் கொண்டு அவ்விடத்தை ஈண்டு நோக்குவோம்.

1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளப் பெண்ணுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் உணவும் உறையுளும் ஓய்வும் அளிக்குமாறு தோட்டத்துரைமாரைப் பணித்தது. பேற்றுக்கு முன்னரோ அவள் கொழுந்துக்கூடையுடன் மலையேறியவளே. 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். தாய்மாரின் குருதிச்சோகைக்கு அப்புழுவும் ஒரு காரணமாகும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பேற்றுக்கு முந்திய சில நாட்களையும் கணக்கிற்கொண்டது. சட்டத்தின் பார்வை இவ்வாறு மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது.

மருத்துவ அறிவு இன்னும் பின்னோக்கிச் சென்றது. பம்பாய் ஆலைகளிற் பணிபுரிந்த கருவுற்ற பெண்களின் குருதிச்சோகையை மதுவச் சாறு தீர்ப்பதை லூசி வில்ஸ் 1931 இல் வெளியிட்டார்; அச்சாற்றிலிருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. தாய்க்குக் கருக்காலத்திற் கண்ட ரூபெல்லா நோய் சேயின் கண்ணைக் கெடுப்பதை அவுஸ்திரேலிய மருத்துவர் நோர்மன் கிறெக் 1941 இல் எடுத்துக்காட்டினார். நரம்புக்குழாய்க் குறையுள்ள பிள்ளையை முன்னர்க் கருவுற்ற தாய்மாருக்கு, மறுமுறை கருத்தரிக்குமுன்பே போலிக் அமிலம் கொடுப்பின் அக்குறை மீண்டும் தோன்றுவது ஏறத்தாழ 72 வீதம் குறையுமென 1991 இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அக்குழாய் கருக்கட்டி 28 நாட்களளவில் மூடிவிடும். தான் கருவுற்றதையே பல பெண்கள் அறியாத காலம் அது.

குருதிச் சோதனையும் கழியொலி அலகீடும் குறைகளைக் கண்டறிய உதவுவன. ஆயின் கண்டறிதல் வேறு, தடுத்தல் வேறு. இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. எனவே அலகீட்டின் பெரும்பயன், வசதியுள்ள மருத்துவமனையிற் பேற்றுக்கு ஆயத்தஞ் செய்தலே. லயத்திலிருந்து அம்மருத்துவமனைக்குச் செல்லும் பெண் மலைப்பாதையை மட்டுமன்றி, இழக்கும் நாட்சம்பளத்தையும் கணக்கிடவேண்டியவள்.

ஆகவே இங்கு தடுப்பே முதன்மை பெறுகிறது. 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்க்கும் ஏற்பாடும், 1996 இல் ரூபெல்லாத் தடுப்பூசியும் நாடெங்கும் வந்தன. எஞ்சிய பணி, மணமான பெண்ணைக் கருத்தரிக்குமுன்பே மருத்துவமாது சந்தித்து மாத்திரையும் அறிவுரையும் வழங்குதலாம். சட்டம் பேற்றுக்குப் பின் எண்ணத் தொடங்கியது. அறிவியலோ கருவுக்கு முன் எண்ணுகிறது. அவ்விரண்டுக்குமிடைப்பட்ட தூரம் மலையகப் பெண்ணின் காலடியிற் குறைந்தாலன்றி, இவ்வரலாறு நிறைவுற்றதெனக் கொள்ளுதல் பொருந்தாது.