மண்வெட்டியைக் கையில் தந்தது யார்?

சரித்திரக் கட்டுரை எழுதுமளவுக்கு நான் படித்தவனல்ல. ஏ.எல். சோதனையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது டார்ம்ஸ்டாட்டில் ஒரு தொழிற்சாலையில் சிப்ட் வேலை. ஆனாலும் எம்மவர் வீடுகளில் எழும் ஒரு கேள்விக்குப் பழைய சரித்திரத்தில் பதில் இருப்பதாக நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். இங்கு பிறந்த பிள்ளை அபித்தூர் முடித்துவிட்டு, "நான் ஒரு வருசம் காட்டிலை வேலை செய்யப்போறன்" என்கிறது. தாய் தகப்பனுக்குத் தலை சுற்றுகிறது. "மண்வெட்டி பிடிக்கவோ இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிச்சனாங்கள்?" என்று கேட்கிறார்கள்.

யேர்மனியில் இந்த ஏற்பாட்டுக்குத் தன்விருப்பச் சூழலியல் ஆண்டு என்று பெயர். சுருக்கமாக எஃப்.ஓ.யே. என்பார்கள். முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இளையோர் ஒரு வருடம் தொண்டு செய்வதற்கு 1964இலேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பார்த்து, காடு, ஆறு, மண் ஆகியவற்றுக்கான தொண்டை 1987இல் நீடர்சக்சன் மாநிலம் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1993இல் நாடு முழுவதற்கும் சட்டமானது. 2008 முதல் இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் நடக்கின்றன. கட்டாயப் பள்ளிப்படிப்பை முடித்த, 27 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். சம்பளம் இல்லை. கைச்செலவுக்குக் காசும் சமூகக் காப்புறுதியும் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 25 நாட்கள் கருத்தரங்குகளும் உண்டு. யேர்மன் கடவுச்சீட்டுத்தான் வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை.

இப்படி இளையோரைக் கூட்டிக் காட்டு வேலை செய்வித்தது யேர்மனி மட்டுமல்ல. 1933இல் அமெரிக்காவில் பெரும் வேலையில்லாத் திண்டாட்டம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பதவியேற்ற மாதமே ஓர் இளைஞர் படைக்குச் சட்டம் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் 18 முதல் 25 வயது வரையான, கலியாணமாகாத, வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் காட்டில் முகாமிட்டு நடைபாதை வெட்டினார்கள், பாலம் கட்டினார்கள், மரம் நட்டார்கள். 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் சேர்ந்தார்கள். நட்ட மரங்கள் 300 கோடி என்பார்கள். மாதச் சம்பளம் 30 டொலர், அதில் 25 டொலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். வீட்டுக்குக் காசனுப்புவதன் அருமை எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குறையும் இருந்தது. பெண்களுக்கு அந்தப் படையில் இடமில்லை. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கி வைத்தார்கள். ஆனாலும் அவர்கள் வெட்டிய பாதைகள் பலவற்றில் சனங்கள் இன்றும் நடக்கிறார்கள்.

அதே காலத்தில் யேர்மனியில் நடந்தது வேறு கதை. இங்கும் 1931இல் வேலையில்லாதோருக்காகத் தன்விருப்ப வேலைச்சேவை ஒன்று தொடங்கப்பட்டது. கிட்லர் வந்தபின், 1935 யூன் மாதத்தில், அது கட்டாயமாக்கப்பட்டது. 18 முதல் 25 வயது வரையான ஆண்கள் ஆறு மாதம் போயே ஆகவேண்டும். 1939இல் இளம் பெண்களுக்கும் கட்டாயமானது. மண்வெட்டியைத் துவக்குப் போலத் தோளில் வைத்து அணிவகுத்துப் போனார்கள். பின்னர் உண்மையாகவே துவக்குப் பிடிக்கப் போனார்கள்.

இதைவிடக் கொடுமையானது டார்ம்ஸ்டாட்டுக்கு வடக்கே, வால்டோர்ஃப் காட்டில் நடந்தது. எங்களில் கனபேர் வந்திறங்கிய பிராங்பேர்ட் விமான நிலையத்தின் ஓரத்தில்தான் அந்தக் காடு இருக்கிறது. 1944 ஆவணி முதல் கார்த்திகை வரை அங்கே ஒரு சித்திரவதை முகாம் இருந்தது. அவுஸ்விற்சிலிருந்து கொண்டுவரப்பட்ட 1,700 கங்கேரிய யூதப் பெண்களும் சிறுமிகளும் விமான ஓடுபாதைக்காக அங்கு வருத்தப்பட்டார்கள். அவர்கள் கையிலும் மண்வெட்டிதான் இருந்தது. சண்டை முடிந்தபின் அந்த முகாமைப் பற்றி யாரும் பேசவில்லை. 1970களில் பக்கத்து ஊர் மோர்ஃபெல்டன் இளைஞர்கள்தான் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1978இல் நினைவுக்கல் வைத்தார்கள். 2000இல் முகாம் இருந்த இடத்தினூடாக விளக்கப் பலகைகளோடு ஒரு நடைபாதை திறக்கப்பட்டது. அதற்குப் பின்பு இளையோர் கூடி, முகாமின் சமையற்கட்டு நிலவறையை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி வெளியே எடுத்தார்கள். முன்பு அடிமைகள் தோண்டிய காட்டில், அவர்களை நினைப்பதற்காகப் பிள்ளைகள் தாங்களாக விரும்பித் தோண்டினார்கள்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். தாய் தகப்பன்மாருக்கு மண்வெட்டியைக் கண்டால் ஏன் மனம் கசக்கிறது? 1993இல் வந்த அகதிகளுக்கான சட்டத்தில், அசூல் கேட்டவர்களைப் பொதுவேலைக்கு அனுப்பலாம் என்று இருந்தது. மணித்தியாலத்துக்கு 2 மார்க். போக மறுத்தால் சோசியல் காசில் வெட்டு விழும். பூங்காவில் சருகு கூட்டியவர்களும் சவக்காலையில் புல்லுப் பிடுங்கியவர்களும் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் வந்த காலத்தில் அது 1 யூரோ 5 சதம். நானும் ஒரு குளிர்காலம் முழுவதும் சருகு வாரினேன். 2016இல் அதை 80 சதமாக்கினார்கள். அப்படி வேலை செய்தவர்களுக்குத் தங்கள் பிள்ளை மண்வெட்டியோடு நிற்கிற படம் நெஞ்சில் குத்தும். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒளிக்காமல் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. இங்கு வருவதற்கு முன்பே எங்களிடம் இந்தக் கசப்பு இருந்தது. மண்ணில் நின்று வேலை செய்கிறவனை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற சாதிப் புத்தியை ஊரிலிருந்து கட்டிக்கொண்டுதான் வந்தோம். இலங்கையில் 1958இல் அரியரத்தின என்ற கொழும்பு ஆசிரியர் தனது நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அங்கு இருந்தவர்கள் சிங்களவர் தீண்டாமல் ஒதுக்கி வைத்த சாதியினர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவர்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். சிரமதானம் என்ற சொல் நாடெங்கும் பரவியது அப்போதிருந்துதான். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்பது அதன் கருத்து. எங்கள் ஊர்களிலும் றோட்டுத் திருத்த, குளம் துப்புரவாக்க அந்தச் சொல்லைத்தான் சொல்லிக் கூடினோம்.

எனது அக்காவின் மகள் எஃப்.ஓ.யே. செய்தது இங்கே ஒடன்வால்ட் காட்டில். அங்குள்ள நடைபாதைகளுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஒடன்வால்ட் நடைச்சங்கம் 1882இல் தொடங்கியது. மரங்களில் நாங்கள் காணும் வர்ணக் குறிகளை வரைந்து பராமரிப்பது அதன் தொண்டர்கள். ஒரு சனிக்கிழமை நானும் மருமகளோடு போய்ப் பார்த்தேன். சரிவில் மழைத்தண்ணீர் பாதையின் நடுவால் ஓடி மண்ணை அரித்திருந்தது. பிள்ளைகள் அலவாங்கால் கல்லுக் கிளப்பி, பாதைக்குக் குறுக்கே சரிவாகப் பதித்தார்கள். தண்ணீர் அந்தக் கல்லில் முட்டிப் பள்ளப் பக்கமாக இறங்கிவிடும். "மாமா, தண்ணிக்கு வழி விட்டால்தான் பாதை நிக்கும்" என்றாள் மருமகள். அவளோடு நின்றவர்களில் ஒருவன் டொக்டருக்குப் படிக்க இருக்கிறவன், இன்னொருத்தி தச்சுவேலை பழகப் போகிறவள். ஒரே கல்லை இருவரும் சேர்ந்து உருட்டினார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இதற்குப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைச்செலவுக் காசில் ஒரு வீடு ஓடாது. பிள்ளையின் உழைப்பை நம்பியிருக்கிற குடும்பம் வேண்டாமென்றால் அது நியாயமான காரணம். ஆனால் "மரியாதையில்லாத வேலை" என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வால்டோர்ஃபில் அடிமை வேலைக்கும் மண்வெட்டிதான், அங்கே நினைவைத் தோண்டியெடுக்கவும் மண்வெட்டிதான். எங்களுக்கு 2 மார்க்குக்குத் தந்ததும் அதுதான். மரியாதை கெட்டது வேலையால் அல்ல, மாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லாததால்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அது இருந்தும் போகிறேன் என்கிறார்கள். நாங்கள் பட்ட அவமானத்தை அவர்கள் தலையில் ஏற்றாமல் விடுவோம்.

வருகிற ஞாயிறுகளில் காடு பச்சை பிடித்துவிடும். குடும்பத்தோடு மெலிபோக்குஸ் மலைப்பக்கம் நடந்து பாருங்கள். பாதையில் குறுக்கே பதித்த கல்லைக் கண்டால், அதை யாரோ ஒரு பிள்ளை தன் விருப்பத்தோடு வைத்திருக்கலாம் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.