சொன்னவர் ஆறினாரா? விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரக் கலைஞர்களின் மனந்திறந்த பேச்சு குறித்து

சித்திரையில் கூவாகம் திருவிழா நெருங்கும்போது விழுப்புரத்துத் தங்கும் விடுதிகள் நிரம்பிவிடும். கூத்தாண்டவர் கோயில் இருப்பது உளுந்தூர்பேட்டை வட்டத்தில். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபின் கூவாகம் கள்ளக்குறிச்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் பல மாநிலங்களிலிருந்து வரும் திருநங்கையர் வந்து இறங்குவதும், மிஸ் கூவாகம் போட்டிக்கு மேடை போடுவதும் இன்றும் விழுப்புரத்தில்தான். அவர்களோடு கேமராக்களும் வந்து இறங்குகின்றன. கேள்விகள் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. எந்த வயதில் தெரிந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள், ஆபரேஷன் ஆகிவிட்டதா, பழைய பெயர் என்ன. பதில் சொல்பவர்களில் கரகம் ஆடுபவர் உண்டு, கூத்தில் பெண் வேஷம் கட்டுபவர் உண்டு, குறும்படத்தில் தலைகாட்டியவர் உண்டு. 2025 மே மாதம் இந்தப் போட்டிக்கு விருந்தினராக வந்த நடிகர் விஷால் மேடையிலேயே மயங்கி விழுந்தார். அடுத்த நாட்களின் செய்தி அவருடைய உடல்நிலையைச் சுற்றியே ஓடியது. போட்டியில் வென்றவர்கள் என்ன பேசினார்கள் என்று தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

கலைஞர்கள் தம் அடையாளத்தையும் பட்ட பாட்டையும் ஒளிவுமறைவின்றிப் பேசினால் மனப்புண் ஆறும் என்பது இன்று பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்து. அதை அப்படியே ஏற்க இக்கட்டுரை தயங்குகிறது. அத்தகைய பேச்சு பெரும்பாலும் ஆற்றுவது கேட்பவரை. சொன்னவர் ஆற வேண்டுமானால் கேட்பவரின் கண்ணீர் போதாது. எதைச் சொல்லாமல் விடலாம் என்ற உரிமையும், சொன்ன பிறகு கையில் தங்கும் ஏதோவொன்றும் வேண்டும். இந்த வட்டாரத்துத் தெருக்கூத்துக்கு இது புதிய செய்தி இல்லை என்பது என் வாதம்.

திண்டிவனம், மயிலம், செஞ்சி, வந்தவாசி சுற்றிலும் கூத்து நடக்கும் சந்தர்ப்பங்களில் இரண்டு முக்கியமானவை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடப்பது ஒன்று. சாவு வீட்டில் கருமாதி இரவில் நடப்பது மற்றொன்று. முதல் வகையைப் பற்றி ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988 முதல் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் திரௌபதி வழிபாட்டின் மையமாகக் கண்டது செஞ்சி வட்டாரத்தையே. இரண்டாவது வகைக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. கருமாதிக்கு வழக்கமாகக் கேட்கப்படும் கூத்து கர்ண மோட்சம். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்த நாடகத்தை ஹன்னே தெ ப்ரூய்ன் ஆங்கிலமாக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1998இல் வெளியிட்டது.

நாடகத்தின் உயிர்நாடி போர்க்களத்தில் இல்லை. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பிறப்புத் தெரியாதவன், தேரோட்டி வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன் என்று அவள் இகழ்கிறாள். அந்தத் தர்க்கம் நெடுநேரம் நீளும். நல்ல ஆட்டக்காரர்கள் அமைந்தால் நள்ளிரவு தாண்டியும் போகும். கடைசியில், தான் குந்தியின் மகன் என்பதைக் கர்ணன் சொல்கிறான். சொல்லிவிட்டுப் போகிறான், சாகிறான். வாழ்நாளெல்லாம் அவனைத் தின்ற கேள்விக்கு விடை வெளியில் வந்துவிட்டது. அவனுக்கு அதனால் ஆன பயன் ஒன்றுமில்லை. பொன்னுருவிதான் உடைந்து அழுகிறாள். பாயில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அழுகிறார்கள். பன்னிரண்டு பதினைந்து நாளாக அழுது ஓய்ந்த வீட்டுப் பெண்கள் இன்னொரு முறை அழுது, விடிந்ததும் எழுந்து வேலையைப் பார்க்கிறார்கள். அடையாளத்தை வெளிப்படுத்தும் பேச்சு யாரைத் தேற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பொன்னுருவியை ஆடுபவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. மரபுப்படி அது ஆண் கட்டும் பெண் வேஷம். இப்போது திருநங்கையரும் கட்டுகிறார்கள். ஒப்பனை நடக்கும் இடத்தில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடக்கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்தபடி முகத்துக்கு அரிதாரம் பூசி, புருவத்தை மையால் நீட்டி எழுதி, சவுரி முடியைப் பின்னிக் கட்டுவார். கடைசியில் புடவைக் கொசுவம். கொசுவம் செருகியதும் உட்காரும் விதம் மாறிவிடும்; டீ வாங்கும்போது நீளும் கையின் வளைவும் மாறிவிடும். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைப்பார்கள். கண்ணோரத்து மை மட்டும் முழுதாகப் போகாது. அந்த மையோடு திண்டிவனம் பேருந்து நிலையத்தில் முதல் வண்டிக்கு நிற்கும்போது அவர் கேட்கும் கேலி, இரவு அவர் கர்ணனைப் பார்த்துப் பேசிய இகழ்ச்சிக்குக் குறைந்ததாக இராது. பாரி இளவழகன் இயக்கி நடித்து 2024இல் வெளிவந்த ‘ஜமா’ இந்த இடத்தைச் சரியாகவே பிடித்தது. பெண் வேஷம் கட்டியே பழகிய ஒருவனின் நடையும் கையசைவும் ஊருக்குப் பொறுக்கவில்லை. அவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. அவனுக்கோ அர்ச்சுனன் வேஷம் கட்ட ஆசை. படம் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்தைக் காட்டுகிறது என்றாலும் செஞ்சிக்கும் அது பொருந்தும்.

கூத்தை இப்படி உயர்த்திப் பிடிப்பதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். வேஷத்துக்குள் நின்று பேசுவதால் ஆட்டக்காரரின் சொந்தத் துயரம் பேசப்படாமலே போய்விடுகிறதே? உண்மைதான். ஊர் பொன்னுருவிக்காக அழும். பொன்னுருவி கட்டியவருக்காக அழாது. அதனால்தான் சொந்தப் பெயரில் பேசும் தேவை எழுந்தது.

சொந்தப் பெயரில் பேசும் வசதியும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. தம் ஊரைப் பெயரின் முதலெழுத்தில் சுமந்த விழுப்புரம் சின்னையா கணேசன் 1928இல் பிறந்தவர். நாடகக் கம்பெனியில் சேர்வதற்காகத் தாய் தகப்பனற்ற பிள்ளை என்று பொய் சொன்னதையும், தொடக்க காலத்தில் சீதையாக நடித்ததையும் சிவாஜி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நம் வாசகர்கள் அதை ஒரு மேதையின் பால்யக் கதையாகப் படித்துக் கடந்தார்கள். பெற்றோரை மறுத்துவிட்டுப் பெண்ணுடையில் மேடையேறிய ஏழெட்டு வயதுப் பையனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று யாரும் துருவவில்லை. துருவாததில் குற்றமில்லை. அந்த மரியாதை ஏன் புகழ் பெற்ற ஆணுக்கு மட்டும் கிடைக்கிறது என்பதே என் கேள்வி.

திருநங்கையர் எழுத்துக்கு வருவோம். அ. ரேவதி 2004இல் ‘உணர்வும் உருவமும்’ நூலைக் கொண்டுவந்தபோது அதில் தொகுத்தது மற்றவர்களின் கதைகளை. கேட்பவராக இருந்துவிட்டுத்தான் அவர் சொல்பவரானார்; இந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழில் எழுதிய தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டது. ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது அதன் பிறகு. அதில் ஓர் இடம் நம் விவாதத்துக்கு நேராக வருகிறது. சிறுவயதில் ஊர் மாரியம்மன் திருவிழாவில் அவர் குறத்தி வேஷம் கட்டுகிறார். ஊருக்கு அது வேஷம். அவருக்கோ, வீடு திரும்பி அதைக் களைந்து பையனின் உடையை மாட்டிக்கொண்டபோதுதான் வேஷம் கட்டியதாகத் தோன்றுகிறது. கூத்து தந்த அதே இடைவெளியை உள்ளிருந்து பார்த்து எழுதிய பத்தி இது.

2007இல் வந்த ‘நான், சரவணன் வித்யா’வை எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா நாடகக்காரர். அந்த நூலிலிருந்து எடுத்த கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். திருநங்கையின் கதைக்கு விருது கிடைத்தது; திருநங்கை நடிகைக்கு வேஷம் கிடைத்ததா என்பது வேறு கதை. 2019இல் ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்தபோதும் ஷில்பாவாக நடித்தவர் விஜய் சேதுபதி. வித்யா பிற்பாடு தோழர்களோடு ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கி, திருநர்களே தம் வாழ்வை நடிக்கும் மேடையை உருவாக்கினார். அ. மங்கையின் நெறியாள்கையில் கண்ணாடி கலைக்குழு முன்பே அந்த வழியில் நடந்திருந்தது. ரேவதி தம் வாழ்வைத் தனிநபர் நாடகமாக நிகழ்த்தியதும் மங்கையின் நெறியாள்கையில்தான். அச்சில் வந்ததை மீண்டும் ஏன் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும்? மேடையில் எங்கே நிறுத்துவது, எதைத் தாண்டிப் போவது, எந்த இடத்தில் சிரிக்க வைப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் நடிப்பவர். கேமராவின் முன் அந்த அதிகாரம் கேட்பவரிடமும் படத்தொகுப்பாளரிடமும் போய்விடுகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1976இல், மனந்திறக்கும் சடங்கில் அதிகாரம் பேசுபவரிடம் இல்லை, மௌனமாகக் கேட்பவரிடம் இருக்கிறது என்று வாதிட்டார். 2008இல் விஜய் தொலைக்காட்சியின் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியில் திருநங்கை ரோஸ் வெங்கடேசன் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஏற்பாட்டையே ஒரு கணம் புரட்டிப்போட்டது.

கூவாகத்துக்குத் திரும்பினால், அங்கே நடப்பது பேச்சே இல்லை, அழுகை. பௌர்ணமி இரவில், கூத்தாண்டவராகிய அரவானின் மனைவியராகப் பூசாரியிடம் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவானின் தேர் போனபின் அழுகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுகிறார்கள். அரவானுக்காக எழும் ஒப்பாரியில் இறந்துபோன தோழியும், துரத்திய வீடும், கைவிட்டுப் போன காதலனும் வந்துவிடுவதாகச் சொல்வார்கள். ஒருவரும் விவரம் கேட்பதில்லை. வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் சுற்றுவட்டார ஆண்களும் அங்கே உண்டு என்பதால் அழுபவரின் அடையாளத்தை அங்கே விசாரிக்க வேண்டியதில்லை. கைம்பெண் கோலத்தையே அடையாளமாக்கும் சடங்கு வேண்டாம் என்று ஒதுங்கும் திருநங்கையர் இருக்கிறார்கள். அவர்களின் விமர்சனத்தில் நியாயம் உண்டு. நான் சொல்வது சடங்கின் கதையைப் பற்றியதல்ல. விவரம் கேட்காமல் அழ விடும் ஓர் இடம் அங்கே இருக்கிறது, அவ்வளவே.

ஆறுதல் என்ற சொல்லை உடலோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். திருநங்கையர் சமூகத்துக்குள் நடந்துவந்த, ஆணுறுப்பை நீக்கும் நிர்வாணச் சடங்குக்குப் பின் 40 நாள் கவனிப்பு உண்டு. அந்த நாட்களில் கண்ணாடி பார்க்கக் கூடாது, ஆண் முகம் பார்க்கக் கூடாது. மூத்தவர் ஒருவர் கூடவே இருந்து வெந்நீர் வைத்து, பத்தியச் சோறு போட்டு, இரவில் விழித்திருப்பார். 40ஆம் நாள் மஞ்சள் பூசிச் சடங்கு. அந்த முறையில் இருந்த உயிராபத்தைக் கணக்கில் கொண்டால் அரசு மருத்துவமனைகள் அந்த அறுவை சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்ய முன்வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் புண் ஆறியது பேசியதால் இல்லை, ஒருவர் பக்கத்தில் இருந்ததால் என்ற பாடத்தை மருத்துவமனையின் நோயாளிச் சீட்டில் எழுத இடமில்லை.

சட்டமும் ஒருவகையில் மனந்திறந்த பேச்சைக் கேட்கிறது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ சான்றிதழுக்காக மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வைத்தது. ஆண், பெண் என்று மாற்றிக்கொள்ள அறுவை சிகிச்சைச் சான்றையும் கேட்டது. விழுப்புரம் விடுதியில் கேமராக்காரர் கேட்ட ‘ஆபரேஷன் ஆகிவிட்டதா’ என்ற அதே கேள்வி ஆட்சியர் அலுவலகத்தில் படிவமாக வந்து நிற்கிறது.

எனவே கலைஞர்களைப் பேச வைக்கும் முன் கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. கூத்துச் செட்டுக்கு முன்பணம் கொடுத்துத்தான் தேதி வாங்குகிறோம். வாழ்க்கையைச் சொல்ல வருபவருக்கு டீயும் பேருந்துக் கட்டணமும் போதும் என்று எப்படி முடிவு செய்தோம்? காணொளி ஈட்டும் பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா? காசு கொடுத்தால் கதை பொய்யாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. கர்ண மோட்சம் காசு வாங்கி ஆடுவதுதான். சம்பளம் கொடுத்ததால் கருமாதி வீட்டு அழுகை பொய்யாகிவிட்டது என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இது ஆய்வாளருக்கும் பொருந்தும். பதிவை எழுத்தாக்கியபின் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் நீக்கச் சொன்னதை நீக்க வேண்டும். பழைய பெயர் வேண்டாம் என்றால் குறிப்பேட்டிலும் அது இருக்கக் கூடாது. முன்பணத்தைப் போலவே இந்தப் பேச்சும் பதிவுக் கருவியை எடுக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.